ஓட்டுக் கேட்க வரும் இயந்திரம்

ரெடிட் என்ற இணைய விவாதத் தளத்தில் 'சேஞ்ச் மை வியூ' என்று ஒரு குழு இருக்கிறது. "இதுதான் என் கருத்து, முடிந்தால் மாற்றிக் காட்டுங்கள்" என்று ஒருவர் எழுதுவார். மற்றவர்கள் வந்து வாதாடுவார்கள். யாருடைய வாதமாவது அவர் மனதை மாற்றிவிட்டால், டெல்டா என்ற கிரேக்க எழுத்தை வாதாடியவருக்குப் பரிசாகப் போடுவார். பணம் கிடையாது, பதக்கம் கிடையாது, அந்த ஓர் எழுத்து மட்டும்தான். கத்தினால்தான் காதில் விழும் என்றாகிவிட்ட இணையத்தில், "நீங்கள் சொல்வது சரி, நான் மாறிவிட்டேன்" என்று சொல்வதற்கென்றே ஓர் இடம் இருப்பது எனக்கு எப்போதும் பெரிய விஷயமாகத் தெரிந்திருக்கிறது. 2025-இல் கிட்டத்தட்ட 38 லட்சம் பேர் அதில் உறுப்பினர்களாக இருந்தார்கள்.

2024 நவம்பரிலிருந்து 2025 மார்ச் வரை அங்கே சில புதிய கணக்குகள் வாதாடிக்கொண்டிருந்தன. ஒருவர் தன்னைப் பாலியல் வன்முறைக்கு ஆளான ஆண் என்று சொல்லிக்கொண்டார். இன்னொருவர், மனக்காயம் பட்டவர்களுக்கு ஆலோசனை தருபவர். வேறொருவர், 'பிளாக் லைவ்ஸ் மேட்டர்' இயக்கத்தை ஏற்காத கறுப்பினத்தவர். இவர்களில் ஒருவர்கூட மனிதர் இல்லை. சூரிச் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஆய்வாளர்கள், மனிதரைப் போல எழுதும் மென்பொருள்களான ஏஐ மாதிரிகளை வைத்து எழுத வைத்த பதில்கள் அவை. குழுவை நடத்துபவர்களிடம் அனுமதி கேட்கவில்லை. உறுப்பினர்களிடம் சொல்லவும் இல்லை. ஆயிரத்துக்கும் மேற்பட்ட பதில்கள் போயின, நூற்றுக்கும் மேற்பட்ட டெல்டாக்கள் வந்தன.

இதில் என்னை மிகவும் உறுத்தியவை இரண்டு விவரங்கள். பதில் எழுதுவதற்கு முன்னால் இன்னொரு ஏஐ மாதிரி, எதிரே இருப்பவர் அதுவரை எழுதிய பழைய பதிவுகளையெல்லாம் படித்து, அவருடைய வயது, பாலினம், இனம், ஊர், அரசியல் சாய்வு ஆகியவற்றை ஊகித்துக் கொடுத்திருக்கிறது. பதில் அதற்கேற்ப எழுதப்பட்டது. இது ஒன்று. அடுத்தது, அந்த ஏஐக்குக் கொடுத்த கட்டளையிலேயே, இந்த ஆய்வில் பங்கேற்பவர்கள் சம்மதம் தந்துவிட்டார்கள், அதனால் அறம், அந்தரங்கம் பற்றியெல்லாம் கவலைப்பட வேண்டாம் என்ற பொருளில் ஒரு வரி இருந்தது. மனிதர்களிடம் சொன்ன பொய் போதாது என்று இயந்திரத்திடமும் ஒரு பொய்.

2025 ஏப்ரலில் விஷயம் வெளியே வந்தது. ஆய்வாளர்களே குழுவை நடத்துபவர்களுக்கு எழுதித் தெரிவித்தார்கள், அவர்கள் உறுப்பினர்களுக்குச் சொன்னார்கள். பெரிய கொந்தளிப்பு எழுந்தது. பல்கலைக்கழகம் முதன்மை ஆய்வாளரை எச்சரித்தது, முடிவுகளை வெளியிடப் போவதில்லை என்று ஆய்வாளர்கள் அறிவித்தார்கள். ஆனால் ஆய்வறிக்கையின் முதல் வரைவில் இருந்த புள்ளிவிவரம் ஏற்கெனவே பரவிவிட்டது. அங்கே வழக்கமாக வாதாடும் மனிதர்களைவிட ஏஐ மூன்று முதல் ஆறு மடங்கு வரை கூடுதலாக மனங்களை மாற்றியிருக்கிறது. அத்தனை மாதங்களில், எழுதுவது இயந்திரமாக இருக்குமோ என்று அந்தக் கணக்குகளைப் பற்றி யாரும் சந்தேகம் எழுப்பவில்லை என்றும் அதில் குறித்திருந்தார்கள்.

ஆய்வு நெறிமுறை மீறப்பட்டது என்பதோடு இதை மூடி வைத்துவிட என்னால் முடியவில்லை. இவர்கள் பல்கலைக்கழக ஆட்கள். கடைசியில் தாங்களாகவே சொல்லிவிட்டார்கள். சொல்லவே மாட்டேன் என்று முடிவெடுத்த ஒருவர், ஒரு தேர்தல் மாதத்தில், இதே வேலையைச் செய்தால் நமக்கு எப்படித் தெரியும்?

தேர்தலும் ஏஐயும் என்று பேச்சு வந்தாலே நாம் போலிக் காணொளிகளைப் பற்றித்தான் பேசுகிறோம். நம்மூரில் அதற்குக் காரணமும் இருக்கிறது. 2018-இல் மறைந்த கலைஞர் கருணாநிதி, 2024 ஜனவரியில் டி.ஆர். பாலுவின் நூல் வெளியீட்டு விழாத் திரையில் தோன்றி, தன் மகன் ஸ்டாலினின் ஆட்சியைப் பாராட்டிப் பேசினார். அடுத்த மாதம் ஜெயலலிதாவின் பிறந்தநாளன்று அவருடைய குரலில் ஓர் ஒலிப்பதிவை அ.தி.மு.க. வெளியிட்டது. மறைந்த தலைவர்களின் வாயில் அவர்கள் சொல்லாத சொற்களை வைப்பது எனக்கு ஒப்பவில்லை. என்றாலும் இரண்டுமே வெளிப்படையாக நடந்தவை. செய்தது ஏஐ என்று எல்லோருக்கும் தெரியும். பிடிக்காதவர்கள் அடுத்த நாளே எழுதினார்கள், பேசினார்கள்.

ஏமாற்றுவதற்கென்றே செய்த போலிகள்கூட, எல்லோருக்கும் ஒன்றுபோல் போனால் அகப்பட்டுக்கொள்கின்றன. 2024 ஜனவரியில் அமெரிக்காவின் நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்தில், கட்சிகளின் வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கும் முதற்கட்டத் தேர்தலுக்கு இரண்டு நாள் இருக்கும்போது, ஆயிரக்கணக்கான வீடுகளுக்கு ஜோ பைடனின் குரலில் தொலைபேசி அழைப்பு போனது. இந்தத் தேர்தலில் ஓட்டுப் போட வேண்டாம், நவம்பருக்கு வைத்துக்கொள்ளுங்கள் என்றது அந்தக் குரல். அது போலி என்ற செய்தி உடனே வந்துவிட்டது. பலர் வீட்டில் ஒரே செய்தி பதிவாகியிருந்தது, ஒருவர் இன்னொருவரிடம் கேட்க முடிந்தது, பத்திரிகையாளர்கள் போட்டுக் காட்ட முடிந்தது. சில வாரங்களுக்குள் இத்தகைய தானியங்கி அழைப்புகளில் ஏஐ குரலைப் பயன்படுத்துவது சட்டவிரோதம் என்று அந்நாட்டுத் தகவல் தொடர்பு ஆணையம் அறிவித்தது. பைடன் குரல் அழைப்புக்கு ஏற்பாடு செய்த அரசியல் ஆலோசகருக்கு 60 லட்சம் டாலர் அபராதம் விதித்தது.

எனக்கு அதைவிட முக்கியமாகப் படுவது, அதற்கு ஒரு மாதம் முன்னால் பென்சில்வேனியாவில் நடந்த, யாரும் குற்றம் சொல்லாத ஒரு காரியம். நாடாளுமன்ற வேட்பாளராக நின்ற ஷமைன் டேனியல்ஸ் என்பவருக்காக ஆஷ்லி என்ற ஏஐ, வாக்காளர்களுக்குப் போன் செய்தது. பதிவு செய்த குரலை ஓட்டவில்லை. கேட்ட கேள்விக்குப் பதில் சொன்னது, மறுகேள்வி கேட்டது, ஒரே நேரத்தில் எத்தனை பேரோடு வேண்டுமானாலும் பேச அதனால் முடியும். தன்னை ஏஐ என்று அறிவித்துக்கொண்டதோடு, சந்தேகம் வரக்கூடாது என்பதற்காகக் குரலையும் கொஞ்சம் இயந்திரத்தனமாகவே வைத்திருந்தார்கள். நேர்மையாகச் செய்தார்கள். ஆனால் அந்த நேர்மை அவர்களாக எடுத்த முடிவு. அறிவித்தே ஆக வேண்டும் என்ற எண்ணம் இல்லாத ஒருவர் செய்தால், ஒவ்வொரு வீட்டிலும் ஒவ்வொரு விதமான உரையாடல் நடந்திருக்கும். எதைப் போட்டுக் காட்டுவது? எதை மறுப்பது?

இதற்கு ஒரு நியாயமான எதிர்வாதம் உண்டு. தனியாகப் பேசி மனதை மாற்றுவது புதிதா என்ன? நம் தெருக்களில் வீடு வீடாக வந்து ஓட்டுக் கேட்பவர்கள் செய்வதும் அதுதானே. வீட்டுக்கு எத்தனை ஓட்டு, யாருக்கு என்ன மனக்குறை, யாருடைய பட்டா எந்த மேசையில் நிற்கிறது, எல்லாம் கிளைச் செயலாளருக்குத் தெரியும். அம்மாவிடம் ஒன்று சொல்வார், மகனிடம் வேறொன்று சொல்வார். காசு கொடுத்தால் அது இன்னும் கேவலம்.

சரி, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அந்தக் கிளைச் செயலாளர் நம் தெருக்காரர். தேர்தல் முடிந்த மறுநாளும் அதே தண்ணீர்க் குழாயடியைத் தாண்டித்தான் அவர் போக வேண்டும். இந்த வீட்டில் சொன்னதற்கு நேர்மாறாக அடுத்த வீட்டில் சொன்னால் சுவர் தாண்டி அது வந்துவிடும். ஒரு நாளைக்கு முப்பது, நாற்பது வீட்டுக்கு மேல் அவரால் பேச முடியாது, தொண்டை கட்டிவிடும். அவர் போன அரை மணி நேரத்தில் எதிர்க்கட்சிக்காரர் வந்து, "அவன் என்ன சொன்னான்?" என்று கேட்பார். நாமும் சொல்வோம். அவர் அதற்குப் பதில் சொல்வார். இத்தனை கடிவாளங்களும் யாரும் சட்டம் போட்டுக் கொண்டுவந்தவை இல்லை. மனித உடம்புக்கும் தெருவுக்கும் இருக்கிற எல்லைகளே அந்த வேலையைச் செய்துகொண்டிருந்தன. போனுக்குள் பேசும் இயந்திரத்துக்கு அந்த எல்லைகள் எதுவும் கிடையாது. அது களைப்பதில்லை, கோபப்படுவதில்லை, மறுநாள் நம் முகத்தில் விழிக்க வேண்டியதும் இல்லை.

பலரும் பயப்படுவது, நம்மைப் பற்றி எல்லாம் தெரிந்துகொண்டு அது நம் பலவீனத்தில் அடிக்கும் என்பதற்கு. 8.7 கோடி ஃபேஸ்புக் பயனர்களின் தரவு கேம்பிரிட்ஜ் அனலிட்டிகா என்ற தேர்தல் பிரசார ஆலோசனை நிறுவனத்துக்குப் போனது 2018-இல் வெளியானதிலிருந்து அந்தப் பயம் நம்மிடம் தங்கிவிட்டது. 2025 டிசம்பரில் சயின்ஸ் இதழில் வந்த ஓர் ஆய்வு, கவனிக்க வேண்டிய இடம் வேறு என்று காட்டுகிறது. பிரிட்டனில் 76,977 பேரை 19 ஏஐ மாதிரிகளோடு அரசியல் விஷயங்களில் பேச வைத்தார்கள். ஆளைப் பற்றித் தெரிந்து பேசுவதால் கிடைத்த கூடுதல் பலன் சொற்பம்தான். சூரிச் வரைவிலும் ஆளை அறிந்து எழுதிய பதிலுக்கும் பொதுவாக எழுதிய பதிலுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. எது வேலை செய்தது என்றால், தகவல் மழை. புள்ளிவிவரம், சான்று, எடுத்துக்காட்டு என்று அடுக்கிக்கொண்டே போகும் மாதிரிதான் அதிகம் பேரை மாற்றியது. இன்னும் ஒன்றையும் கண்டார்கள். அதிகமாக மாற்றும்படி பழக்கப்பட்ட மாதிரிகள் சொன்ன தகவல்களில் தவறுகளும் அதிகமாக இருந்தன.

இந்த முடிவு என்னை உலுக்கியது. ஏனென்றால் தகவலைக் கேட்டு மனம் மாறுவது ஒரு வாக்காளரின் பலவீனம் இல்லை. அதுதான் நாம் எல்லோரும் விரும்புகிற நல்ல குணம். சாதியைப் பார்க்காதே, காசைப் பார்க்காதே, விவரத்தைப் பார்த்து ஓட்டுப் போடு என்றுதான் பிள்ளைகளுக்குச் சொல்கிறோம். அந்த நல்ல குணத்தின் வழியாகவே உள்ளே வருகிறது இது. பத்து நிமிடத்தில் இருபது தகவல் சொல்லப்பட்டால் அதில் எது சரி, எது தவறு என்று உட்கார்ந்து பார்க்க யாராலும் ஆகாது. மேடையில் ஒரு தலைவர் தப்பான கணக்குச் சொன்னால் மறுநாள் எதிரணியினர் அதைப் பிடித்துக் கிழிப்பார்கள். நமக்காக இன்னொருவர் சரிபார்க்கிறார். அவர் நமக்குப் பிடிக்காதவராக இருந்தாலும் அந்த வேலை நடந்துவிடுகிறது. தனி உரையாடலில் அந்த இன்னொருவர் இல்லவே இல்லை.

அதே டிசம்பரில் நேச்சர் இதழில் வந்த வேறோர் ஆய்வு, 2025-இல் கனடாவிலும் போலந்திலும் தேர்தலுக்கு முன் ஏஐயை ஒரு வேட்பாளருக்காக வாதாட வைத்துப் பார்த்தது. எதிரணி வாக்காளர்களின் சாய்வு நூற்றுக்குச் சுமார் 10 புள்ளி நகர்ந்தது. அமெரிக்காவில் அவ்வளவு இல்லை. ஆய்வில் நகர்ந்தவர் எல்லோரும் ஓட்டுச்சாவடியிலும் நகர்ந்துவிடுவார் என்று நான் சொல்லவில்லை. ஆனால் சில நூறு ஓட்டில் முடிவாகும் தொகுதிகள் நமக்குப் புதிதில்லை.

கோவில்பட்டிப் பக்கம் இருக்கும் என் பெரியம்மாவுக்கு இப்போது ஏஐயோடு பேசுவது பழகிவிட்டது. தட்டச்சு செய்ய மாட்டார், குரலில்தான் கேட்பார். ரேஷன் கடையில் கைரேகை விழவில்லை என்றால் என்ன செய்வது, முதியோர் உதவித்தொகைக்கு யாரிடம் மனுக் கொடுப்பது, மூட்டுவலிக்கு முடக்கத்தான் சாப்பிடலாமா. "எத்தன தடவ கேட்டாலும் எரிஞ்சு விழாம சொல்லுதுடா" என்றார். எந்த அரசு அலுவலகத்திலும் அவருக்குக் கிடைக்காத மரியாதை அது. இதைக் குறை சொல்ல எனக்கு மனமே வராது. யாருக்கு ஓட்டுப் போடணும்னு அதுகிட்ட கேப்பீங்களா பெரியம்மா என்று கேட்டேன். "அத எதுக்குக் கேக்கணும்? நம்ம வீட்டு ஓட்டு எதுக்குன்னு எனக்குத் தெரியாதா? இவனுக மைக்குல சொல்றது நெசந்தானான்னு மட்டும் கேப்பேன்."

அந்தக் கடைசி வாக்கியம் மனதிலேயே நிற்கிறது. யாருக்கு ஓட்டு என்று கேட்பதைவிட, எது உண்மை என்று கேட்பதில்தான் ஒருவர் தன்னை முழுதாக ஒப்படைக்கிறார். அந்த நம்பிக்கையை ஏஐ அரசியல் பேசிச் சம்பாதிக்கவில்லை, ரேஷன் கடை விஷயத்தில் பொறுமையாக உதவிச் சம்பாதித்தது.

அப்படி நம்பும் ஏஐக்குக் கொடுத்த கட்டளையில் ஒரே ஒரு வரியை மாற்றினால் போதும் என்பதற்கு நாம் பார்த்த சாட்சி ஒன்று இருக்கிறது. 2025 மே மாதம் எக்ஸ் தளத்தில் இருக்கும் குரோக் என்ற ஏஐ, யார் எதைப் பற்றிக் கேட்டாலும், சம்பந்தமே இல்லாமல் தென்னாப்பிரிக்காவில் வெள்ளையர்கள் இனப்படுகொலை செய்யப்படுகிறார்கள் என்ற கூற்றை இழுத்துப் பேச ஆரம்பித்தது. குரோக்குக்குப் பின்னணியில் கொடுக்கும் கட்டளையில் யாரோ அனுமதியில்லாமல் மாற்றம் செய்துவிட்டார்கள் என்று அதன் நிறுவனமான எக்ஸ்ஏஐ விளக்கம் சொன்னது. நமக்கு அது தெரிய வந்ததே, மாற்றம் அவ்வளவு அலங்கோலமாக இருந்ததால்தான். பேஸ்பாலைப் பற்றிக் கேட்டவருக்குத் தென்னாப்பிரிக்காவைப் பற்றிச் சொன்னால் யாருக்கும் சந்தேகம் வரும். ஒரு கட்சியைப் பற்றிய கேள்விக்கு மட்டும் இரண்டு உண்மையைச் சொல்லி மூன்றாவதை விட்டுவிடும்படி பக்குவமாக எழுதியிருந்தால், எந்தப் பெரியம்மாவுக்கும் எந்தப் பேராசிரியருக்கும் அது தெரிந்திருக்காது.

இத்தனையையும் சொல்லிவிட்டு ஏஐ அரசியலே பேசக்கூடாது என்று தடை கேட்பவன் இல்லை நான். 2024-இல் சயின்ஸ் இதழில் வந்த ஆய்வில், சதிக்கோட்பாடுகளை நம்பும் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டவர்களோடு ஏஐ பொறுமையாக, ஆதாரம் காட்டிப் பேசியது. அவர்களுடைய நம்பிக்கை சராசரியாக 20 சதவீதம் குறைந்தது, இரண்டு மாதம் கழித்தும் அந்தக் குறைவு அப்படியே இருந்தது. இத்தகையவர்களை எந்த வாதமும் அசைக்காது என்று எல்லோரும் கைவிட்டிருந்த விஷயம் அது. திறமை ஒன்றுதான். எந்தப் பக்கம் திருப்புவது என்பதைக் கட்டளை எழுதுபவர் தீர்மானிக்கிறார். அதனால் அந்தக் கட்டளையைத்தான் காட்டும்படி நாம் கேட்க வேண்டும்.

சட்டங்கள் இப்போதைக்கு வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருக்கின்றன. சூழ்ச்சியாக மனதை வளைக்கும் ஏஐக்கு ஐரோப்பிய ஒன்றியம் 2025 பிப்ரவரி முதல் தடை போட்டிருக்கிறது. நல்ல காரியம். ஆனால் அதனால் கணிசமான தீங்கு நேர்ந்தது அல்லது நேரக்கூடும் என்று காட்ட வேண்டும். ஓட்டு மாறியது ஒரு தீங்கு என்று எந்த அளவுகோலில் காட்டுவது? நம் நாட்டில் 2024 மே மாதம், தேர்தல் பாதியில் இருக்கும்போது, போலிக் காணொளிகள் கவனத்துக்கு வந்த மூன்று மணி நேரத்தில் கட்சிகள் அவற்றை நீக்க வேண்டும் என்று தேர்தல் ஆணையம் சொன்னது. நீக்குவதற்கு ஒரு காணொளி இருந்தால் நீக்கலாம். தொலைக்காட்சியிலும் சமூக ஊடகத்திலும் போடும் அரசியல் விளம்பரத்துக்கு முன்கூட்டியே சான்று வாங்க வேண்டும் என்பதும் நம்மிடம் இருக்கிற விதிதான். உரையாடலுக்கு எப்படி முன்சான்று தருவது? மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 126-ஆவது பிரிவின்படி ஓட்டுப்பதிவு முடிவதற்கு முந்தைய 48 மணி நேரத்தில் பொதுக்கூட்டம் கிடையாது, ஒலிபெருக்கி ஓய்ந்துவிடும். போனுக்குள் கேள்வி கேட்பவருக்குப் பதில் வந்துகொண்டுதான் இருக்கும்.

ஆனால் அதே சட்டத்தில் 127-ஏ என்று ஒரு பிரிவு இருக்கிறது. 1961-இல் சேர்த்தது. தேர்தல் நேரத்துத் துண்டறிக்கையிலும் சுவரொட்டியிலும் மூலையில் பொடி எழுத்தில் அச்சகத்தின் பெயரும் முகவரியும், வெளியிட்டவர் பெயரும் இருக்குமே, அந்தப் பிரிவினால்தான். வெளியிடுபவர் கையெழுத்திட்டு உறுதிமொழி தர வேண்டும், அவரை நேரில் தெரிந்த இரண்டு பேர் அதற்குச் சாட்சி போட வேண்டும். அச்சிட்டதில் ஒரு பிரதி மாவட்ட ஆட்சியருக்கோ தலைமைத் தேர்தல் அதிகாரிக்கோ போக வேண்டும். மீறினால் ஆறு மாதம் வரை சிறை, 2000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். அச்சு என்றால் என்ன என்பதையும் அந்தப் பிரிவே சொல்கிறது. கையால் எழுதிப் படியெடுப்பதைத் தவிர, பிரதிகளைப் பெருக்கும் எந்த முறையும் அச்சுதான்.

கையெழுத்துப் பிரதியை விட்டுவிட்டதில் எவ்வளவு நிதானமான யோசனை இருக்கிறது என்று பாருங்கள். ஒரு மனிதர் தன் கையால் எத்தனை எழுதிவிட முடியும்? அதைக் கட்டுப்படுத்தினால் அவருடைய பேச்சுரிமையில் கை வைத்ததாகும். பெருகத் தொடங்கும் இடத்தில்தான் பெயர் கேட்டார்கள். நேருக்கு நேர் பேசுவது இத்தனை காலமும் கையெழுத்தின் பக்கம்தான் இருந்தது, பெருக்கவே முடியாத ஒன்றாக. இப்போது அதுவும் பெருகுகிறது.

எனவே நான் கேட்பது ஒரு புதுக் கண்டுபிடிப்பை இல்லை. தேர்தல் அறிவிப்பு வந்த நாளிலிருந்து, வாக்காளரோடு பேசும் எந்த ஏஐயை ஒரு கட்சியோ, வேட்பாளரோ, அவர்களுக்காகப் பணம் வாங்கிய நிறுவனமோ இயக்கினாலும், முதல் வாக்கியத்திலேயே தான் இயந்திரம், இன்னாருக்காகப் பேசுகிறேன் என்று அது சொல்ல வேண்டும். அதற்குக் கொடுத்த கட்டளையின் முழு வாசகமும், மாற்றும்போதெல்லாம் மாற்றிய வாசகமும், வெளியிட்டவர் கையெழுத்தோடு தலைமைத் தேர்தல் அதிகாரியிடம் போக வேண்டும். அவர் அதை அன்றே இணையத்தில் போட வேண்டும், எதிர்க்கட்சிக்காரர் படிப்பதற்கு. பொதுவான ஏஐ சேவைகளை நடத்தும் பெரிய நிறுவனங்களும், இந்தியத் தேர்தல்கள், கட்சிகள், வேட்பாளர்கள் பற்றி என்ன பேச வேண்டும், என்ன பேசக்கூடாது என்று தங்கள் மாதிரிகளுக்குச் சொல்லிவைத்திருப்பதை அதே பட்டியலில் சேர்க்க வேண்டும். அந்த மே மாதச் சம்பவத்துக்குப் பிறகு எக்ஸ்ஏஐ தன் கட்டளைகளைப் பொதுவில் வெளியிட்டது. ஒரு நிறுவனத்தால் அது முடியுமென்றால் மற்றவர்களாலும் முடியும்.

யாருக்கும் தெரியாமல் ரகசியமாக இயக்குபவர்கள் இதில் அகப்பட மாட்டார்கள் என்பது உண்மைதான். பெயர் போடாத துண்டறிக்கைகளும் 1961-இலிருந்து வந்துகொண்டுதான் இருக்கின்றன. ஆனால் பெயரில்லாத தாள் கையில் கிடைத்தால் அதைத் திருப்பிப் பார்த்து, "அச்சகம் பேரே இல்லையே" என்று கேட்க நம் ஊர்க்காரர்களுக்குத் தெரியும். அந்தத் தாளை வைத்துப் புகார் கொடுக்கவும் ஒரு பிரிவு இருக்கிறது. போனில் பேசும் குரலிடம் "நீ யாருக்காகப் பேசுகிறாய்?" என்று என் பெரியம்மா கேட்டால், அதற்குப் பதில் சொல்லியே ஆக வேண்டும் என்று இன்னும் எந்தப் பிரிவும் இல்லை.